வெளிச்சமும் அளவோடு: கடற்பவளத்தைக் கூடுதல் ஒளிக்குப் பழக்குவது எப்படி?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சொன்னதாகத்தான் நாம் இதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளிச்சத்துக்கும் இது அப்படியே பொருந்தும். எங்கள் வரதய்யபாளையம் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த மா ஒட்டுக்கன்றை எடுத்துச் சித்திரை வெயிலில் நேரே நட்டால், நாலே நாளில் இலை கருகிவிடும் என்பார். அதே கன்றைப் பத்துப் பதினைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டி எடுத்து நட்டால் நிற்கும். நிழல்வலையும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற கடைக்காரனான எனக்கு இது தொழிலோடு வந்த பாடம். கடலடியில் இருக்கும் பவளத்துக்கும் இதே விதிதான் என்பது பிறகு புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டது.

தமிழ்ச் சங்க மலரில் பவளத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று போய் இருக்கிறார்கள். அங்கே வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி உயிருள்ள பவளம் வளர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. நிறையப் பணம் போட்டு வாங்கிய பவளத்தைப் புது விளக்கு மாட்டிய ஒரே வாரத்தில் இழந்துவிடுபவர்கள் உண்டு. இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை நம் தமிழ்க் கடலில் இருக்கும் பவளத்திட்டுகள், வெயிலும் வெப்பமும் சேர்ந்து அடிப்பதால் திரும்பத் திரும்ப வெளுத்துப் போகின்றன. தொட்டியில் நடப்பதும் கடலில் நடப்பதும் ஒரே கதைதான். சிறியதைப் புரிந்துகொண்டால் பெரியது தானாகப் புரியும்.

கல்லா, செடியா, பிராணியா?

பவளம் எந்த வகை உயிர் என்பதில் மனிதனுக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு. சங்கு, சிப்பி போன்றவை ஈரறிவு. சமண நூல்களோ பவளத்தை மண்ணுயிர், அதாவது பிருதிவிகாய வகையில் வைத்து எண்ணுகின்றன. ஐரோப்பாவில் அதைச் செடி என்றே நம்பினார்கள். 1720களில் மார்சேய் நகரத்து வைத்தியர் பெய்சொனெல் என்பவர், இது பூ அல்ல, சின்னஞ்சிறு பிராணி என்று சொன்னபோது அங்கிருந்த பெரிய அறிஞர்கள் அதை உடனே ஏற்கவில்லை.

உண்மை என்னவென்றால், பவளப்பாறையில் மூன்றும் இருக்கின்றன. வெளியே தெரிவது சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லைக் கட்டி அதன்மேல் மெல்லிய தோல்போலப் படர்ந்து இருப்பது பிராணி. குட்டிக் கைகளோடு வாய் திறந்து நிற்கும் இதற்குப் பாலிப் என்று பெயர். அந்தப் பிராணியின் உடம்புக்குள், செல்களுக்குள்ளேயே குடியிருப்பது ஒரு நுண்பாசி. ஜூசாந்தெல்லே என்பது அதன் பொதுப்பெயர். நாம் இதைப் பாசி என்றே சொல்லிக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத்தோலில் பத்து லட்சம், அதற்கு மேலும்கூட இந்தப் பாசி இருக்கும். பவளத்தின் பழுப்பு நிறம் இதனால் வருவதே.

இங்கே ஒரு வார்த்தை. நகைக்கடையில் வாங்கும் சிவப்புப் பவளம் வேறு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த குகைகளிலும் ஆழத்திலும் வளர்வது. அதன் உடம்பில் பாசி கிடையாது. ஆகவே ஒளியும் தேவையில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல், முசிறித் துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நம் நாட்டுக்குப் பவளம் இறக்குமதியானது அவ்வளவு பழைய செய்தி. இந்தக் கட்டுரை பேசுவது அந்தப் பவளத்தை அல்ல. பாறை கட்டும், வெயில் தின்னும் பவளத்தை.

ஒளி உணவாவதும் நஞ்சாவதும்

பாசி வெளிச்சத்தைப் பிடித்துச் சர்க்கரை செய்கிறது. அதில் பெரும்பங்கைத் தான் குடியிருக்கும் வீட்டுக்காரனுக்கே, அதாவது பாலிப்புக்கே கொடுத்துவிடுகிறது. வாடகை என்றே வைத்துக்கொள்ளுங்களேன். பாலிப் பதிலுக்குத் தன் கழிவிலுள்ள சத்தையும் இருக்க இடத்தையும் தருகிறது. நல்ல வெளிச்சம் கிடைக்கும் பகலில் பவளம் கல் கட்டும் வேகமும் இரவைவிட அதிகம். ஆகவே ஒளி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. சிக்கல், ஒளி எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் கூடுகிறது என்பதில்தான்.

ரைஸ்மில்லைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே நெல் கொட்டுகிற வாய், உள்ளே அரைக்கிற இயந்திரம். இயந்திரம் அரைக்கும் வேகத்துக்குத் தகுந்தபடி நெல் கொட்டினால் அரிசி வரும். வேகத்துக்கு மேல் கொட்டினால் நெல் நிரம்பி வழியும், இயந்திரம் அடைத்து நிற்கும். பாசியிலும் அப்படியே. ஒளியைப் பிடிக்கும் பகுதி ஒன்று, பிடித்த சக்தியைச் சர்க்கரையாக்கும் பகுதி இன்னொன்று. இரண்டாவது பகுதிக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டி ஒளி வந்தால் மிச்சமான சக்தி எங்கேயாவது போக வேண்டுமல்லவா? அது செல்லுக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து, செல்லையே அரிக்கும் முரட்டு வடிவமாக மாற்றிவிடுகிறது. முதலில் பாசியின் ஒளி பிடிக்கும் கருவி சேதமாகிறது. பிறகு பாலிப்பின் செல்லுக்கும் அரிப்பு பரவுகிறது. தாங்காத பாலிப் தன் சோற்றுக்கு வழிசெய்த பாசியையே வெளியே தள்ளுகிறது. பாசி போனால் நிறம் போகும். கண்ணாடிபோன்ற தோல் வழியாக உள்ளே இருக்கும் வெள்ளைக் கல் தெரியும். இதைத்தான் பவளம் வெளுத்தல் என்கிறார்கள்.

வெப்பம் இதில் எங்கே வருகிறது? நீர் சூடானால் சர்க்கரை செய்யும் இரண்டாவது பகுதி தளர்ந்துவிடுகிறது. மில் மெதுவாக ஓடுகிறது, நெல் மட்டும் பழைய வேகத்தில் கொட்டுகிறது. நேற்று வரை சரியாக இருந்த அதே வெளிச்சம் இன்று அதிகமாகிவிடும். எனவே ஒளியும் சூடும் தனித்தனி எதிரிகள் அல்ல. ஜோடி சேர்ந்தால்தான் கொடுமை. 1998ல் உலகம் முழுக்கப் பல கடல்களில் பவளம் வெளுத்தபோது, தாகித்தி இருக்கும் சொசைட்டி தீவுகளில் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது. அந்தச் சமயத்தில் அங்கே வானம் மேகமூட்டமாக இருந்ததே அவற்றைக் காப்பாற்றியிருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் 2020லிருந்து கடல்நீரை நுண்துளியாகத் தூவி மேகத்தை இன்னும் வெண்மையாக்கி, பெரும்பவளத்திட்டுக்கு நிழல் தர முடியுமா என்று சோதனையே நடத்திப் பார்த்தார்கள். நிழல்வலை யோசனைதான், அளவு மட்டும் பெரிது!

பவளம் தன்னை மாற்றிக்கொள்ளும் விதம்

பவளம் சும்மா வெயிலில் வாடிக்கிடக்கும் பொருள் அல்ல. கிடைக்கிற ஒளிக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளத் தெரிந்த உயிர். வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கும்போது அதன் பாசி பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. பரிமாறுவது குறைவு என்று தெரிந்தால் பெரிய வாழையிலையாகப் போட்டு உட்காருவதில்லையா, அதுபோல. சிந்துகிற ஒவ்வொரு துளி ஒளியையும் பிடித்தாக வேண்டும். அதனால் நிழலில் இருந்த பவளம் கரும்பழுப்பாகத் தெரியும். வெளிச்சம் அதிகமான இடத்தில் இருந்தால் பாசி இலையைச் சுருக்கிக்கொள்கிறது. பச்சையம் குறையும், பாசியின் எண்ணிக்கையும் குறையும். மிச்ச ஒளியை வெப்பமாக்கிக் கழித்துவிடும் மஞ்சள் நிறமிகள் கூடும். பாலிப்பும் தன் பங்குக்குப் பச்சை, நீலம், ஊதா என்று நிறப் புரதங்களைச் செய்து குடைபோல மேலே விரித்துக்கொள்ளும். கடைகளில் நாம் பார்த்து மயங்கும் நிறங்கள் பல இந்தக் குடைகள்தான்.

ஆனால் இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும். சில பவளம் ஐந்து முதல் பத்து நாளில் பெரும்பகுதி மாறிவிடும்; சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். பெரிய இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது அண்டாவைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? நிழலில் இருந்த பவளத்தைத் திடீரென்று பலத்த விளக்குக்கு அடியில் வைப்பது அதுதான். பவளம் வெளிச்சத்தை வெறுக்கவில்லை. தயாராக அவகாசம் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஒருமுறை பழகியதைப் பவளம் சுலபத்தில் மறப்பதும் இல்லை. தாய்லாந்தின் புக்கெட் தீவில் பார்பரா பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர் குழுவினர், ஒரே பவளக்கட்டியின் மேற்குப்பக்கம் அதிக வெயில் தாங்கிப் பழகியதால் 1995ல் அந்தப் பக்கம் மட்டும் வெளுக்காமல் தப்பியதைக் கண்டார்கள். பிறகு 2000ல் சில கட்டிகளை அப்படியே திருப்பி வைத்தார்கள். மேற்கு முகம் கிழக்கே பார்த்தது. பத்து வருடம் கழித்து 2010ல் கடல் சூடேறியபோது, ஒரு காலத்தில் மேற்குப் பார்த்திருந்த அந்தப் பக்கத்தில் பாசி அதிகமாகத் தங்கியிருந்தது. மூளையே இல்லாத உயிருக்கு இந்த நினைவு! பழக்கத்தின் வலிமையை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

கண்ணை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

வெளிச்சத்தை நம் கண்ணால் எடைபோடுவது, தராசு இல்லாமல் தங்கம் நிறுப்பது போல. கண் தானாகச் சுருங்கி விரிந்து எதையும் சமமாக்கிக் காட்டிவிடும். அதிலும் நீல ஒளி நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், பாசிக்கோ அது முதல்தரமான தீனி. இப்போதைய எல்.இ.டி. விளக்குகளில் நீலம் மிகுதி. 'அப்படி ஒண்ணும் பிரகாசமா இல்லையே' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பவளம் கருகிக்கொண்டிருக்கும்.

தாவரத்துக்குப் பயன்படும் ஒளியை அளப்பதற்கு பி.ஏ.ஆர். மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்று அது காட்டும். வெப்பநாட்டு உச்சிவெயிலில் கடல்மட்டத்தில் சுமார் 2000 காட்டும். தொட்டிகளில் மென்பவளம், காளான் பவளம் போன்றவற்றுக்கு 50 முதல் 100 போதும். பெரிய பாலிப் உடைய கல்பவளங்களுக்கு 80 முதல் 150. கிளை கிளையாக வளரும் சிறு பாலிப் வகைகளுக்கு 200 முதல் 400 வரை என்பது வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. கருவி விலை அதிகம்தான். வெளிநாட்டில் சில கடைகளும் வளர்ப்போர் சங்கங்களும் அதை வாடகைக்குத் தருகின்றன. ஒருநாள் வாங்கி, தொட்டியின் மேல், நடு, அடி என்று நாலைந்து இடத்தில் அளந்து காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டால் போதும். சாதாரண லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது. நீல விளக்கில் அது குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழக்கும் முறைகள்

பவளத்தை விற்றவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விலை அல்ல. 'இது எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தது?' என்பதே. அங்கே 100 இருந்தது, உங்கள் தொட்டியில் நீங்கள் வைக்க நினைக்கும் இடத்தில் 250 என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 100லேயே தொடங்குங்கள். வாரம் ஒருமுறை இருப்பதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூட்டினால் 115, 132, 152, 175 என்று ஏறி, ஆறு ஏழு வாரத்தில் 250ஐத் தொடும். கூட்டுவட்டிக் கணக்கு தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதைச் செய்ய நாலு வழி உண்டு.

முதல் வழி, விளக்கையே குறைப்பது. எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் சதவீதம் குறைக்கும் வசதி உண்டு. நாள்தோறும் தானாகக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகும் பழக்குமுறை ஏற்பாடும் சிலவற்றில் இருக்கிறது. விளக்கைப் புதிதாக மாற்றும்போது, தொட்டியிலுள்ள எல்லாப் பவளமும் புதியதற்குப் பழக வேண்டியிருப்பதால், இதுவே சிறந்த வழி. ஆனால் பாதி சதவீதம் வைத்தால் பாதி வெளிச்சம்தான் என்று எல்லா விளக்கிலும் சொல்ல முடியாது. அளந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது வழி, இடத்தை மாற்றுவது. புதிதாக வந்த பவளத்தை அடியில், ஓரமாக வைத்து, வாரம் ஒரு படி மேலே ஏற்றுவது. ஏற்கனவே பழகிய மற்ற பவளங்களுக்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பது இதன் லாபம். அடியில் நீரோட்டம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் தினம் எடுத்து மாற்றுவது கூடாது.

மூன்றாவது, நம்ம ஊர் நிழல்வலை வழி. விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஜன்னல் கொசுவலைபோன்ற பிளாஸ்டிக் வலையை மூன்று மடிப்பாகப் போட்டு, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு மடிப்பாக எடுத்துவிடுவது. குறைக்கும் வசதி இல்லாத பழைய விளக்குகளுக்கு இது கைகொடுக்கும். உலோக வலை வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தண்ணீரில் சொட்டும்.

நான்காவது, நேரத்தைக் குறைப்பது. முழு வெளிச்சம் எரியும் நேரத்தை முதலில் நாலைந்து மணியாக வைத்து வாரம் ஒரு மணி நேரம் கூட்டலாம். ஆனால் இது மட்டும் தனியாகப் போதாது. நாலு மணி நேர நெருப்பும் நெருப்புதானே? மற்ற மூன்றில் ஒன்றோடு சேர்த்துச் செய்யவேண்டிய துணைவழி இது.

எந்த வழியானாலும் ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். விளக்கைக் கூட்டும் வாரத்தில் இடத்தை மாற்றாதீர்கள், நீரின் உப்பையோ சூட்டையோ அசைக்காதீர்கள். நீர் 24 முதல் 26 டிகிரிக்குள் நிலையாக இருக்கட்டும். பலத்த விளக்கு தண்ணீரையும் சூடாக்கும் என்பதால் வெப்பமானியை அடிக்கடி பாருங்கள். வெளிச்சம் கூடிப் பவளம் வேகமாகக் கல் கட்ட ஆரம்பித்தால் தண்ணீரிலுள்ள கால்சியமும் காரத்தன்மையும் வேகமாகக் குறையும். முன்பு வாரம் ஒருமுறை சோதித்தவர்கள் இப்போது ரெண்டு மூணு முறை சோதிக்க வேண்டும்.

சொல்லாமல் கூடும் வெளிச்சம்

விளக்கை நாம் தொடவே இல்லை, பவளம் மட்டும் வெளுக்கிறது என்றால் எங்கோ வெளிச்சம் சொல்லாமல் கூடியிருக்கலாம். பழைய குழல்விளக்குகள் மாதக்கணக்கில் எரிந்து எரிந்து மெல்ல மங்கும். பவளமும் அதற்குத் தக்கபடி இறங்கிவந்திருக்கும். ஒருநாள் புதுக் குழல் மாட்டியதும் அது திடீர் வெயில். தண்ணீரில் ஊறிய மஞ்சள் சாயத்தை நீக்க அடுப்புக்கரிபோன்ற வடிகட்டும் கரியை நிறையப் போட்டால், ஒரே இரவில் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். அதுவரை சாயம் தடுத்துக்கொண்டிருந்த ஒளி முழுக்க உள்ளே இறங்கும். விளக்கின் மேலிருக்கும் உப்புப் படிந்த கண்ணாடியைத் துடைப்பதும் இப்படித்தான். சுத்தம் நல்லதே, சுத்தம் செய்கிற அன்று விளக்கைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள், அல்லது கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

வெளுத்ததா, செத்ததா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒருமுறை போனில் கூப்பிட்டு, "மாமா, விளக்கு மாத்தி ஆறு நாள்தான் ஆச்சு, மேல்பக்கம் பூரா வெள்ளையாயிடுச்சு. செத்துப்போச்சா, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டான். வெளுத்ததும் செத்ததும் ஒன்றல்ல என்பதுதான் நான் அவனுக்குச் சொன்ன முதல் பதில். கிட்டப்போய்ப் பார்த்தால் வெளுத்த பவளத்தின் மேல் கண்ணாடிபோன்ற தோல் இருக்கும், பாலிப் லேசாக அசையும். அது பட்டினியில் இருக்கிறது, சாகவில்லை. செத்ததில் தோல் உரிந்து வெறும் கல் சொரசொரவென்று நிற்கும். சில நாளில் அதன்மேல் பச்சைப்பாசி படரும்.

எச்சரிக்கை முன்கூட்டியே வரும், கவனித்தால் தெரியும். விளக்கைப் பார்த்த மேல்பக்கம் முதலில் வெளிறும், அடிப்பக்கம் பழைய நிறத்தில் இருக்கும். பகலில் விரியும் பாலிப் சுருங்கியே இருக்கும். அப்போதே வெளிச்சத்தை ரெண்டு மூணு வாரத்துக்கு முந்திய அளவுக்கு இறக்கிவிடுங்கள். பாசி இல்லாத நாட்களில் பாலிப்புக்குச் சாப்பாடு வாய் வழியாகத்தான். நுண்தீனியைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாரக்கணக்கில் பொறுத்தால் மிச்சமிருக்கும் பாசி பெருகி நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. மாறாகப் பவளம் மேலும் மேலும் கரும்பழுப்பானால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். அப்போதும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. அதே படிக்கட்டுதான்.

நம் கடலில் நடப்பது

இனி மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வரிசையாக இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986ல் தேசியப் பூங்காவாகவும், அதைச் சேர்ந்த பெரும்பரப்பு 1989ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. 117 வகைக் கல்பவளம் இங்கே பதிவாகியிருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் இந்தப் பாறைகளை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினார்கள். தீவுகளுக்கு அரணாக இருந்த பாறை போனதும் அலை நேரே கரையை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போயின.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் 2002லிருந்து இங்கே பவளத்தைத் திரும்ப நடும் வேலையைச் செய்துவந்திருக்கிறது. வேகமாக வளரும் கிளைப்பவளத்தின் துண்டுகளைச் சிமென்ட் சட்டங்களில் கட்டி, கடலடியில் இறக்குகிறார்கள். தோட்டக்காரன் பதியன் போடுவதுதான் இது. தொட்டியில் நாம் பார்த்த விதி இங்கேயும் நிற்கிறது. ஆழத்தில் இருந்த துண்டைக் கொண்டுவந்து மேலே வெயிலில் கட்டினால் வெளுக்கும். துண்டு எடுத்த இடத்தின் ஆழமும் நடும் இடத்தின் ஆழமும் ஒத்திருக்க வேண்டும். கடலுக்குச் சதவீதம் குறைக்கும் பொத்தான் கிடையாது. இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே மனிதன் கையில் இருப்பது.

இந்தத் திட்டுகள் ஆழம் குறைந்தவை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது, காற்றடங்கி அலை ஓய்ந்தால் வண்டல் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். தெளிந்த நீரில் ஒளி ஆழம்வரை இறங்கும், நீரும் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். மேலே நாம் பார்த்த ஜோடி இதுதான். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளம் பெருமளவில் வெளுத்தது. கிளைப்பவளங்கள் அதிகம் மடிந்தன. உருண்டையாக வளரும் பாறைப்பவளங்கள் ஓரளவு தாங்கின. பவளத்துக்குப் பழகும் திறமை இல்லாமல் இல்லை. ஒரு வெளுப்புக்கும் அடுத்த வெளுப்புக்கும் நடுவே தேறிவரும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வாரம் பதினைந்து பங்கு என்று படிப்படியாகக் கூட்டுவதற்குக் கடலில் ஆள் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் இருக்கும் நம் குடும்பங்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளம், கரும்பவளம், கடல்விசிறி முதலியவை 2001ல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. உயிருள்ளதோ, காய்ந்த வெள்ளைக் கல்லோ, கடலில் எடுப்பதும் விற்பதும் வாங்கி வைப்பதும் குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அதோடு அபராதம். கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது அலமாரியில் வைக்க அழகாக இருக்கிறதே என்று யாராவது ரகசியமாக நீட்டும் பவளக்கல்லை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தொட்டி வளர்க்கும் ஆசை இருந்தால் நன்னீரில் செடித்தொட்டி வையுங்கள். புது விளக்குக்குச் செடியையும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் அங்கே செடியை மிஞ்சிப் பாசி படர்ந்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டப்படி வளர்க்கலாம். ஆனால் கல்பவளம் எல்லாமே சைட்ஸ் என்ற உலக வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச்சீட்டு வேண்டும். கடலில் உடைத்தெடுத்ததை விட்டு, பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். அவை தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கனவே பழகியவை, விளக்குக்குப் பழக்குவதும் எளிது, கடலுக்கும் நஷ்டமில்லை.

வெளிநாட்டில் பவளத்தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கங்களை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பேரன் பேத்திகள் என்றால் நீங்கள் வாயால் சொல்லுங்கள். நடந்த வெளிச்சத்தைக் கேட்டு வாங்கு, அளந்து வை, வாரம் ஒரு படி ஏற்று, வெளிறினால் உடனே இறக்கு. இந்த நாலு வரியை அவர்கள் மனசில் வைத்துக்கொண்டால் ஒரு தொட்டி பிழைக்கும். அதை வளர்த்துப் பார்த்த பிள்ளைக்கு, மன்னார் வளைகுடா வெளுத்தது என்ற செய்தி வரும்போது அங்கே என்ன நடந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.